தாழ்ந்த துப்பாக்கி: எலெம் கிளிமோவின் ‘வந்து பார்’ திரைப்படத்தை முன்வைத்து

நண்பர்கள் ஒன்பது பேர் ஒரு ஞாயிறு மாலையில் கூடி, எலெம் கிளிமோவ் இயக்கிய ‘வந்து பார்’ என்னும் சோவியத் திரைப்படத்தைப் பார்த்தோம். இரண்டேகால் மணி நேரத்துக்கும் சற்று நீண்ட படம். அது முடிந்தபோது அறையில் ஆறு பேரே இருந்தோம். இடையில் எழுந்து சென்ற மூவரில் இருவர் வீட்டுக்கே போய்விட்டனர். மூன்றாமவர் மொட்டைமாடியில் தனியே நின்றிருந்தார். நாங்கள் மேலே சென்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இதைப் பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது?”

அவர் நல்ல வாசகர். துயரமான படைப்புகளைக் கண்டு ஒதுங்கிச் செல்பவரும் அல்லர். ஆகவே அவருடைய கேள்வியை மென்மனத்தின் புலம்பல் என்று எங்களால் தள்ளிவிட இயலவில்லை. அன்றிரவு எவரும் சரியான விடை கூறவுமில்லை. அதன்பின் அப்படத்தை மீண்டும் ஒருமுறை பார்த்து, அதைப் பற்றிக் கிடைத்தவற்றைப் படித்து, எங்களுக்குள் நெடுநேரம் வாதிட்டு வந்தடைந்த விடையை இங்கே எழுதிவைக்கிறோம்.

1985இல் வெளிவந்த இப்படத்தின் களம் 1943ஆம் ஆண்டின் பெலாரஸ். 1941 கோடையிலிருந்து 1944 கோடை வரை அந்நாடு நாஜி ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்தது. காடும் சதுப்பும் நிறைந்த அந்நிலத்தில் கொரில்லாப் படையினர் மறைந்திருந்து தாக்கினர். அவர்களுக்கு உணவும் இடமும் தருவதாகச் சந்தேகிக்கப்பட்ட கிராமங்களை மக்களோடு சேர்த்து எரிப்பது ஆக்கிரமிப்பாளர்களின் எழுதப்பட்ட நடைமுறையாகவே இருந்தது.

அவ்வாறு எரிந்த ஊர்களுள் உலகறிந்த ஒன்று, மின்ஸ்க் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஹதீன். 1943 மார்ச் 22 அன்று கொரில்லாக்கள் அருகிலிருந்த சாலையில் ஒரு வாகன அணியைத் தாக்கினர். அதில் இறந்தவர்களுள் ஒருவர் ஹான்ஸ் வோல்கே என்னும் காவற்படை அதிகாரி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் தங்கம் வென்றவர். அன்றைக்கே ஹதீன் மக்கள் ஒரு தானியக் களஞ்சியத்துக்குள் அடைக்கப்பட்டனர். களஞ்சியத்துக்குத் தீ வைக்கப்பட்டது. தப்பி ஓடியவர்கள் சுடப்பட்டனர். இறந்தோர் 149 பேர். அவர்களில் 75 பேர் குழந்தைகள். பிழைத்த ஒரே பெரியவரான யோசிஃப் கமின்ஸ்கி, எரிந்த உடல்களுக்கிடையே தம் மகனைக் கண்டெடுத்தார். சிறுவன் தந்தையின் கைகளிலேயே இறந்தான். 1969இல் அங்கே திறக்கப்பட்ட நினைவகத்தில், இறந்த பிள்ளையை ஏந்தி நிற்கும் அத்தந்தையின் நெடிய சிலை இருக்கிறது. இடிந்த வீடுகளின் புகைபோக்கிகளைப் போல் எழுப்பப்பட்ட தூண்களில் மணிகள் தொங்குகின்றன. அவை 30 நொடிக்கு ஒருமுறை ஒலிக்கின்றன.

படத்தின் கதையை கிளிமோவோடு இணைந்து எழுதியவர் பெலாரஸ் எழுத்தாளர் அலெஸ் அதமோவிச். 1927இல் பிறந்த அவர், பதின்பருவத்தில் தாமே கொரில்லாப் படையில் இருந்தவர். 1970களின் தொடக்கத்தில் அவரும் யான்கா பிரில், விளாதிமிர் கலெஸ்னிக் ஆகிய இரு எழுத்தாளர்களும் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு பெலாரஸின் ஊர் ஊராக அலைந்தனர். எரிந்த கிராமங்களிலிருந்து பிழைத்தோரின் வாய்மொழிகளைத் திரட்டினர். ‘நான் தீக்கிராமத்திலிருந்து வருகிறேன்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அது நூலாயிற்று. 2015இல் நோபல் பரிசு பெற்ற ஸ்வெத்லானா அலெக்சியேவிச், அதமோவிச்சைத் தம் ஆசான் என்று பலமுறை குறிப்பிட்டிருக்கிறார். படத்தில் நாம் காணும் கொடூரங்களுள் பெரும்பாலானவை திரைக்கதை ஆசிரியரின் கற்பனையில் உதித்தவை அல்ல. எவரோ ஒரு கிழவி தன் வீட்டுத் திண்ணையிலமர்ந்து ஒலிப்பதிவுக் கருவியின் முன் சொன்னவை.

இனி கதை. ஃப்ளியோரா என்னும் சிறுவன் மணலைத் தோண்டி ஒரு துப்பாக்கியை எடுக்கிறான். துப்பாக்கி இருந்தால்தான் கொரில்லாப் படையில் சேரலாம். தாய் தடுக்கிறாள், கோடரியை அவன் கையில் கொடுத்து, போவதானால் எங்களைக் கொன்றுவிட்டுப் போ என்று கதறுகிறாள். அவன் சிரித்த முகத்தோடு போகிறான். முகாமிலோ, படை புறப்படும் நேரத்தில் அவனுடைய நல்ல காலணிகளை வேறொருவனுக்குக் கொடுக்கச் சொல்லி அவனைப் பின்னே விட்டுச் செல்கிறார்கள். காட்டில் குண்டு விழுகிறது. அவன் காது அடைத்துப்போகிறது. கிளாஷா என்னும் பெண்ணோடு ஊர் திரும்புகிறான். அங்கே எவரும் இல்லை.

நம் தலைமுறைக்கு முந்தைய தமிழ் வாசகர்களுக்குச் சோவியத் போர் இலக்கியம் அந்நியமானதன்று. மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் வந்த நூல்களின் வழியே, போரிஸ் பொலெவோயின் ‘உண்மை மனிதனின் கதை’யைப் படித்து வளர்ந்தவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. கால்களை இழந்த விமானி மீண்டும் வானேறும் அக்கதையில் துயரத்துக்கு ஒரு பயன் இருந்தது. அது மனிதனை உரமேற்றியது. கிளிமோவின் படத்தில் துயரத்துக்கு அத்தகைய பயன் ஏதுமில்லை. ஃப்ளியோரா படம் நெடுகிலும் எதையும் சாதிப்பதில்லை. உணவு தேடச் செல்பவர்கள் ஒவ்வொருவராக இறக்கின்றனர். பாடுபட்டுக் கவர்ந்து வந்த பசு துப்பாக்கிச் சூட்டில் விழுகிறது. இறுதிவரை அவன் கையிலுள்ள துப்பாக்கி ஒருமுறைகூட வெடிப்பதில்லை. வீரத்தைத் தேடிச் சென்ற சிறுவனுக்குக் கிடைத்ததெல்லாம் பார்க்கும் வேலை மட்டுமே. கிறித்தவ மறைநூலின் வெளிப்படுத்தல் பகுதியிலிருந்து எடுக்கப்பட்ட தலைப்பும் அதைத்தான் ஏவுகிறது.

இவ்வளவு கொடுமையைக் காட்டும் படம் கொடுமையில் திளைக்கிறதா என்பது நியாயமான ஐயம். மொட்டைமாடி நண்பரின் கேள்விக்கு அடியிலும் அந்த ஐயமே இருந்தது. அவர் எழுந்து செல்வதற்குச் சற்று முன்னர் வந்த காட்சியை இங்கே நினைவுகூர வேண்டும். ஊர் திரும்பிய ஃப்ளியோரா தன் வீட்டுக்குள் நுழைகிறான். அடுப்பில் சாறு இன்னும் ஆறவில்லை. தரையில் தங்கைகளின் பொம்மைகள் கிடக்கின்றன. ஈக்கள் மொய்க்கும் ஓசை மட்டும் கேட்கிறது. எல்லோரும் சதுப்புக்கு நடுவிலுள்ள தீவுக்குப் போயிருப்பார்கள் என்று கூறி அவன் ஓடத் தொடங்குகிறான். பின்னால் ஓடும் கிளாஷா ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டின் பின்சுவரோரம் குவிந்து கிடக்கும் ஊர்மக்களின் உடல்கள் ஓரிரு நொடிகள் மட்டும் தெரிகின்றன. அவன் திரும்பவில்லை. அவள் உடனே சொல்லவுமில்லை. கேமரா அங்கே நிற்பதில்லை, நெருங்குவதில்லை, எந்த முகத்தையும் நமக்கு அடையாளம் காட்டுவதில்லை. தாயின் உடலைத் தனியே காட்டி நம்மை அழவைத்திருக்கலாம். ஆனால் அந்த எளிய வழியை கிளிமோவ் விலக்கிவிடுகிறார். கொடுமையைக் காட்சிப்பொருளாக்குபவர் இவ்வாறு படமெடுப்பதில்லை.

பின்னர் வரும் பெரெஹோதி கிராமத்துக் காட்சியிலும் இதே ஒழுங்கைக் காணலாம். மக்கள் ஒரு மரக்கட்டிடத்துக்குள் அடைக்கப்படுகின்றனர். குழந்தைகளை உள்ளேயே விட்டுவிட்டு வரச் சம்மதிப்பவர்கள் சன்னல் வழியே வெளியேறலாம் என்று ஒரு குரல் அறிவிக்கிறது. ஒருவரும் அசைவதில்லை. தனியனான ஃப்ளியோரா மட்டும் ஏறி வெளியே விழுகிறான். அதன்பின் நாம் உள்ளே செல்வதில்லை. வெளியே நின்று சுடுபவர்களை, சிரிப்பவர்களை, கை தட்டுபவர்களை, ஒலிபெருக்கியில் இசை போடுபவர்களைப் பார்க்கிறோம். எரிபவர்களின் வேதனையைக் காட்டிலும் எரிப்பவர்களின் களிப்பையே படம் நீண்டநேரம் காட்டுகிறது. நமக்கு உடல் கூசுவது அதனால்தான்.

சிறுவனாக நடித்த அலெக்ஸி கிராவ்சென்கோவின் முகத்தைப் பற்றிச் சொல்லாமல் இப்படத்தைக் கடக்க முடியாது. படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 14. காட்சிகள் கதையின் வரிசைப்படியே சுமார் ஒன்பது மாதங்களில் எடுக்கப்பட்டன. தொடக்கத்தில் கன்னம் குழையச் சிரித்த சிறுவன், இறுதியில் நெற்றி சுருங்கிய கிழவனாக நம் முன் நிற்கிறான். கதையில் கடந்திருப்பவை சில நாட்களே. பார்த்ததற்கான விலை அந்த முகத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இப்படத்தின் மீது எங்களுக்கும் குறைகள் உண்டு. பல காட்சிகளில் உண்மையான தோட்டாக்கள் பயன்படுத்தப்பட்டன என்றும், அவை தம் தலைக்கு மேலாகப் பாய்ந்தன என்றும் கிராவ்சென்கோ பின்னாளில் கூறியிருக்கிறார். ஒரு சிறுவனின் அச்சத்தைப் படம்பிடிக்க இன்னொரு சிறுவனை அபாயத்தில் நிறுத்தியதைக் கலையின் பெயரால் நியாயப்படுத்த எங்களால் இயலாது. அடுத்து, பெலாரஸில் கொல்லப்பட்டோருள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் யூதர்கள். சோவியத் நினைவுச்சின்னங்கள் பலவும் அவர்களை ‘அமைதியான சோவியத் குடிமக்கள்’ என்ற பொதுப்பெயருக்குள் கரைத்துவிட்டன. இப்படமும் அம்மரபிலிருந்து முழுவதுமாக விடுபடவில்லை.

ஆயினும் இது அரசின் பிரச்சாரப் படம் என்ற தீர்ப்பை நாங்கள் ஏற்கவில்லை. 1977 வாக்கிலேயே கிளிமோவ் இப்படத்தைத் தொடங்க முயன்றார். சோவியத் திரைப்படத் துறை அதிகாரிகள் தடுத்தனர். அழுக்கையும் கோரத்தையும் அழகியலாக்குவதாகக் குறை கூறினர். பெரும் மாற்றங்களுக்கு இணங்காத இயக்குநர் ஏறத்தாழ எட்டாண்டுகள் காத்திருந்தார். போர் வெற்றியின் நாற்பதாம் ஆண்டு நெருங்கியபோதுதான் வழி திறந்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஹதீனை எரித்தவர்களில் பெரும்பங்கினர் 118ஆம் துணைக் காவற்படையைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலர் சோவியத் மண்ணிலேயே பிறந்தவர்கள். அப்படையின் தலைமை அலுவலராயிருந்த ஹ்ரிஹோரி வசியூராவின் மீது 1986இல் மின்ஸ்கில் நடந்த வழக்கைப் பத்திரிகைகள் பரவலாகப் பேச அரசு இடந்தரவில்லை. அதற்கு ஓராண்டு முன்னரே வெளிவந்த இப்படத்தில், எரிப்பவர்களின் கூட்டத்தில் உள்ளூர் மொழி பேசுபவர்களும் நிற்கின்றனர். அரசு மறைக்க விரும்பியதைப் படம் மறைக்கவில்லை.

இப்போது எங்கள் விடைக்கு வருவோம். அது படத்தின் கடைசிச் சில நிமிடங்களில் இருக்கிறது. நண்பர் அதைப் பார்க்கவில்லை.

கிராமத்தை எரித்தவர்களுள் சிலர் கொரில்லாக்களிடம் பிடிபடுகின்றனர். கிழ அதிகாரி உயிருக்குக் கெஞ்சுகிறான். உடனிருக்கும் இளம் அதிகாரியோ கெஞ்சுவதில்லை. எல்லாம் குழந்தைகளிலிருந்தே தொடங்குகிறது, சில இனங்களுக்கு எதிர்காலத்தில் இடமில்லை என்பது அவனுடைய விளக்கம். குழந்தைகளை விட்டுவிட்டு வெளியே வரச்சொன்ன அறிவிப்பின் உட்பொருள் அப்போதுதான் நமக்கு விளங்குகிறது. ஃப்ளியோரா கொண்டுவந்த பெட்ரோல் அவர்கள் மீது ஊற்றப்படுகிறது. ஆனால் தீ வைக்கப்படுவதற்கு முன்னரே கூட்டத்தினர் அவர்களைச் சுட்டு வீழ்த்திவிடுகின்றனர். உயிரோடு எரித்தவர்களை உயிரோடு எரிக்க அவர்களின் கை எழவில்லை.

பின்னர் ஃப்ளியோரா சேற்றுநீரில் கிடக்கும் ஹிட்லரின் படத்தைக் காண்கிறான். துப்பாக்கியை உயர்த்துகிறான். அவன் சுடும் முதல் தோட்டா அதுவே. ஒவ்வொரு வெடிக்கும் வரலாறு பின்னோக்கி ஓடுகிறது. பழைய செய்திப்படத் துண்டுகள் தலைகீழாக ஓடுகின்றன; குண்டுகள் விமானங்களுக்குத் திரும்புகின்றன, ஊர்வலங்கள் பின்னே நடக்கின்றன, முதல் உலகப்போர் கடந்துபோகிறது, ஹிட்லர் இளைஞனாகிறான், பள்ளிச் சிறுவனாகிறான். இறுதியில் தாய்மடியில் அமர்ந்திருக்கும் ஒரு கைக்குழந்தையின் நிழற்படம். ஃப்ளியோராவின் விரல் நின்றுவிடுகிறது. கண்ணீர் வழிகிறது. துப்பாக்கி தாழ்கிறது.

முதன்முறை பார்க்கும்போது அந்த ஒவ்வொரு தோட்டாவுக்கும் நாங்கள் ஆறு பேரும் உள்ளூர மகிழ்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரமாக அடக்கிவைத்த வெறுப்பு அங்கே வழிதேடிக்கொண்டது. இன்னும் சுடு என்றே நெஞ்சு சொல்லியது. குழந்தையின் முகம் வந்தபோதும் எங்களுள் சிலருக்கு அந்த வேகம் அடங்கவில்லை. அதை வெளிப்படையாகச் சொன்னவரும் உண்டு: “அவன் சுட்டிருக்கலாம், எத்தனை கோடி உயிர்கள் பிழைத்திருக்கும்!”

இந்த வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதன் முடிவு எங்கே கொண்டுசேர்க்கும் என்பதைப் படம் முன்னதாகவே சொல்லிவிட்டது. எல்லாம் குழந்தைகளிலிருந்தே தொடங்குகிறது என்றவன் அந்த அதிகாரி. ஃப்ளியோரா அக்குழந்தையைச் சுட்டிருந்தால் அந்தத் தர்க்கத்தையே ஏற்றுக்கொண்டவனாகியிருப்பான். தன் தாயையும் தங்கைகளையும் இழந்தவன், தன் கண்முன்னே ஓர் ஊர் எரியக் கண்டவன், உலகிலேயே அதிக உரிமையோடு சுடக்கூடியவன், அங்கே நிறுத்திக்கொள்கிறான். கிளிமோவ் முதலில் இப்படத்துக்கு இட்ட பெயர் ‘ஹிட்லரைக் கொல்லுங்கள்’ என்பது. தனக்குள் இருக்கும் ஹிட்லரைக் கொல்வதே அதன் பொருள் என்று அவர் பின்னர் விளக்கினார்.

இதைப் போரே கூடாதென்னும் உபதேசமாகக் கொள்ளுவதும் பிழை. துப்பாக்கியைத் தாழ்த்திய ஃப்ளியோரா அதை எறிந்துவிடவில்லை. ஓடிச்சென்று கொரில்லாப் படையோடு சேர்ந்து காட்டுக்குள் நடக்கிறான். ஆக்கிரமிப்பாளனை எதிர்ப்பது தொடர்கிறது. எதிர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பது மட்டுமே அவன் கற்றது. 628 கிராமங்கள் மக்களோடு எரிக்கப்பட்டன என்ற வாசகத்தைத் திரையில் படிக்கும்போது, அந்த எண்ணின் முழுக் கனத்தையும் சுமந்துகொண்டே அவன் அவ்வெல்லையைக் கண்டான் என்பது நமக்குப் புரிகிறது.

துயரத்தின் நினைவு மனிதரைத் தானாகவே நல்லவராக்கிவிடும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். வரலாறு அந்நம்பிக்கைக்குச் சான்று தரவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தபோது, நாஜிகளை ஒழிப்பதும் நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. அப்படைகளின் ஒரு பகுதி புறப்பட்டது பெலாரஸ் மண்ணிலிருந்து. ஹதீனின் மணிகள் ஒலிக்கும் அதே நாட்டிலிருந்து. மார்ச் இறுதியில் அவை பின்வாங்கியபின் கீவ் நகருக்கு அருகேயுள்ள புச்சாவின் தெருக்களில் பொதுமக்களின் உடல்கள் கிடந்தன. மாஸ்கோ அதை மறுத்தது, ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அங்கு நிகழ்ந்த சட்டவிரோதக் கொலைகளை ஆவணப்படுத்தியது. முந்தைய தலைமுறையின் எரிந்த ஊர்கள், பிந்தைய தலைமுறைக்கு உரிமைச்சீட்டாக மாற்றப்பட்டன. இது ஒரு நாட்டுக்கு மட்டும் நேர்ந்த பிறழ்வும் அன்று. எங்கள் மக்கள் பட்டதைப் பார் என்னும் குரல், ஆகவே நாங்கள் எதுவும் செய்யலாம் என்று முடிவதை உலகின் பல மூலைகளில் நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

கிளிமோவுக்கு இது நூலறிவால் வந்த தெளிவன்று. 1933இல் ஸ்டாலின்கிராடில் பிறந்த அவர், நகரம் எரிந்துகொண்டிருக்கையில் தாயோடும் கைக்குழந்தையான தம்பியோடும் மிதவையில் வோல்காவைக் கடந்தவர். தீப்பிடித்த நகரத்தைச் சிறுவனாகப் பார்த்தவரின் கண்தான் ஃப்ளியோராவினுடையது. 2003இல் மறையும் வரை அவர் வேறு படம் எடுக்கவில்லை. சாத்தியமானதையெல்லாம் செய்துவிட்டதாகவே அவர் உணர்ந்தார்.

எனவே நண்பருக்கு எங்கள் விடை இது. இதைப் பார்ப்பதால் உங்களுக்கு அமைதி கிட்டாது. இரக்கம் பெருகும் என்று உறுதி கூறவும் எங்களால் முடியாது. முதலில் பெருகுவது வெறுப்புத்தான். அவ்வெறுப்பு உங்களுக்குள் எவ்வளவு எளிதாக, எவ்வளவு நியாயமாக எழுகிறது என்பதைக் காண்பீர்கள். பிறகு அதைத் தாழ்த்தும் ஒரு சிறுவனையும் காண்பீர்கள். நீங்கள் எழுந்து சென்றது எரியும் கட்டிடத்துக்கு முன்னால். அங்கேயே நின்றுவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது கொடுமை மட்டும். இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மாலை அவருக்காக மீண்டும் திரையிடுகிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.